டப்பாவுக்கு வந்த மடிநோய்

இப்போதெல்லாம் ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. தலையை நிமிர்த்தினால் தெரிந்துவிடும் மழையைக் கைப்பேசியைத் தடவித் தெரிந்துகொள்கிறார்கள். பசிக்கிறதா இல்லையா என்று கடிகாரத்தைக் கேட்கிறார்கள். எதிரே மாடு நிற்கிறது. தின்கிறது, அசைபோடுகிறது, வாலைச் சுழற்றி ஈ விரட்டுகிறது. ஆனால் அதற்கு நோய் என்று எவனாவது காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள்.

இப்படிப் பொருமிக்கொண்டுதான் கிழவர் அன்று காலை வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தெருவில் அவருக்கு வில்லங்கம் என்று பெயர். எதையும் நம்பமாட்டார். பாலத்தில் நடக்கும் முன் ஒரு காலால் தட்டிப் பார்ப்பார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால், "நீ ஒண்ணு முழுங்கு, பாக்கலாம்" என்பார் கடைக்காரரிடம். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச காலம் போனார். கூட்டலும் கழித்தலும் படித்தார். பெருக்கல் வந்தபோது வாத்தியார் மேல் சந்தேகம் வந்து நின்றுவிட்டார்.

அவர் கையில் இருந்த துணிப்பைக்குள் ஒரு பாட்டில் பால். அவருடைய செவலை மாட்டின் உயிர் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது.

செவலைக்கு நடந்தது இதுதான். வேலிக் கம்பி கீறி, பின்பக்கத்து இடது காம்பில் புண். இரண்டு நாளில் அந்தப் பக்க மடி கல்லாக இறுகிப்போனது. தொட்டால் உதைத்தது. கறந்தால் பால் திரிதிரியாக வந்தது. கால்நடை மருத்துவரம்மா வந்து பார்த்து, கறந்து முடித்ததும் காம்புக்குள் ஏற்றச் சொல்லி மருந்துக் குழாய்கள் கொடுத்தார். "கொஞ்சம் தேறினதும் நிறுத்திடாதீங்க, முழுசா ஏத்துங்க" என்றார். கிழவர் அவரையும் நம்பவில்லை. ஆனால் மருமகள் நம்பினாள், ஏற்றினாள். மடி இளகிவிட்டது, பால் வெள்ளையாக இறங்கியது, மாடு உதைப்பதை விட்டுவிட்டது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஊரில் ஒரு நிலையம் இருந்தது. கால்நடை நோய்க்கிருமி ஆய்வு நிலையம். ஒருமுறை மடிநோய் வந்த மாடு, அந்த நிலையத்தில் பால் கொடுத்து, கிருமி இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டால் மாட்டைக் கழித்துவிடுவார்கள். மஞ்சள் வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போகும். அந்த வண்டி எதையும் திரும்பக் கொண்டுவந்து இறக்கியதை ஒருவரும் பார்த்ததில்லை.

முதல் முறை, கிருமி இருக்கிறது என்று வந்தது. இரண்டாம் முறையும் அதே கதை.

"அதே கிருமிதானாம் மாமா" என்று மருமகள் தாளைப் படித்துக் காட்டினாள். பெயரைச் சொல்லிப் பார்த்தாள். சரக்கு ரயில் மாதிரி நீண்டுகொண்டே போனது. கிழவர் பாதியிலேயே இறங்கிவிட்டார்.

"நோயே போயிருச்சு, நோயோட பேரு மட்டும் போக மாட்டேங்குதா? வழியில எவனோ பாட்டில மாத்துறான். இந்தத் தடவ நானே கொண்டுபோறேன்."

"கொண்டுபோங்க. போற வழியில பாட்டிலயும் சந்தேகப்பட்டுக் கீழ ஊத்திறாதீங்க."

சமையலறை ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஜன்னலில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருந்தன. செவலையின் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று நிலையம் சொல்லியிருந்ததால், வீட்டில் தேநீருக்குப் பால்பவுடர் கரைத்து வைப்பது வழக்கமாகியிருந்தது. ஒன்று அது. மற்றது செவலையின் பால். கிழவர் எல்லாவற்றையும் சந்தேகிப்பவர்தான். தன் கையை மட்டும் சந்தேகித்ததில்லை.

நிலையத்தின் வாசலில் ஒரு குழாய். அதற்கு மேல், "கை கழுவியவர்கள் மட்டும் உள்ளே வரவும்" என்று பலகை. கிழவர் குழாயைத் திருகினார். அது இருமியது.

"தண்ணி வரலையேப்பா" என்றார் காவலாளியிடம்.

"அது என்னைக்கும் வராதுங்க. கழுவிட்டேன்னு சொல்லுங்க, போதும்."

"கழுவலையே."

"சொல்லுங்கய்யா. எனக்கு வாய்வார்த்தை வேணும். இங்க எல்லாமே ஒழுங்குமுறை."

கிழவர் சொன்னார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே பெரிய கூடம். நடுச்சுவரில் ஆளுயரப் படம். நிலையத்தை ஆரம்பித்த முதல் இயக்குநராம். ஓவியர் முகத்தில் மற்ற உறுப்புகளை அவசரமாக முடித்துவிட்டு மூக்கில் மட்டும் நிதானமாக வேலை செய்திருந்தார். படத்துக்குக் கீழே நாற்காலிகள் படிப்படியாக உயர்ந்துகொண்டு போயின. அடியில் ஆய்வக உதவியாளர், அதற்கு மேல் துணை இயக்குநர், உச்சியில் இயக்குநர்.

உதவியாளர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு வெள்ளித் தட்டில் வைத்து மணி அடித்தார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார். தட்டை மேலே நீட்டினார். துணை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நீளமாக மோந்தார். தட்டு உச்சிக்குப் போனது.

இயக்குநருக்குத் தீராத ஜலதோஷம். கழுத்தில் துண்டு, கையில் கைக்குட்டை. கைக்குட்டைக்கு வேலை முடியும் முன்பே பாட்டில் வந்துவிட்டது. அவர் பாட்டிலின் வாய்க்குள் மூக்கைச் செருகினார். நன்றாக, ஆழமாக, பால் நுனியில் படுகிற வரைக்கும். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். ஒரு தும்மலும் போட்டார். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"என்னங்க இது, பால மோந்து பாக்குறாங்க?" என்றார் கிழவர்.

"மோந்து பாக்குறதுன்னு சொல்லாதீங்க" என்று உதவியாளர் கிசுகிசுத்தார். "நாய் செய்யுறதுதான் மோந்து பாக்குறது. அதிகாரி செய்யுறது முகர்வு."

"எதுக்கு?"

"நுண்ணோக்கி வாங்காத காலத்துல, படத்துல இருக்காரே ஐயா, அவரு பாட்டில முகர்ந்தே நோயைச் சொல்லிருவாராம். அதுலேருந்து முகராத பால ஆய்வுக்கு எடுக்குறதில்ல. சின்னவங்க கொஞ்சமா முகரணும், பெரியவங்க நிறைய முகரணும். நான் இருக்குற பதவிக்கு ஒரு மூச்சு. அடுத்த வருஷம் எனக்கு ஒண்ணரை ஆகும்."

மேலேயிருந்து இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அன்பாகச் சிரித்தார்.

"பெரியவரே, உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். கேளுங்க."

"உங்களுக்கு வாசனை தெரியுதாங்க?"

"எனக்கு வாசனை தெரிஞ்சு பல வருஷம் ஆச்சு. ஆனா விதியில முகரணும்னுதான் இருக்கு. தெரியணும்னு இல்ல. தெரியணும்னு ஆரம்பிச்சா இந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்குமா?"

துணை இயக்குநர் இதைக் கேட்டுப் பெருமையோடு தலையசைத்தார்.

"எங்க நிலையத்தோட துல்லியத்தச் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று இயக்குநர் தொடர்ந்தார். "வந்த பால் அத்தனையிலயும் அந்தக் கிருமிய நாங்க கண்டுபிடிச்சிருக்கோம். அத்தனையிலயும்! பக்கத்து ஊரு நிலையத்துல பாதிகூட தேறல. அவங்களுக்குப் பயிற்சி பத்தல. பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதுவா இருந்தாலும் சரி, எங்ககிட்ட வந்தா தப்ப முடியாது. ஒருத்தர் நாயோட காதுச் சீழைக் கொண்டுவந்தாரு. அதுலயும் இருந்துச்சு."

"அதையும் முகர்ந்தீங்களா?"

"கடமைன்னு வந்துட்டா முகம் சுளிக்க முடியுமா?"

கிழவரின் கண் பக்கத்துச் சுவருக்குப் போனது. அங்கே நிலையமே அச்சடித்து ஒட்டிய பெரிய தாள். எழுத்துக்கூட்டிப் படித்தார். கூடத்தில் இருந்தவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தக் கிருமி மனிதர்களின் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாமலே இருக்கும், அங்கிருந்து கை வழியாக மாட்டின் மடிக்குப் போகும், ஆகையால் கறக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுக என்று எழுதியிருந்தது.

"ஐயா, மூக்குல இருக்கும்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. அந்த மூக்கத்தான் பால்ல விடுறீங்க. அப்புறம் பால்ல கிருமி இருக்குன்னா அது மாட்டுக் கிருமியா, மூக்குக் கிருமியா?"

துணை இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அந்த வாக்கியம் பொதுமக்களோட மூக்கைப் பத்தினது. அலுவலர்களோட மூக்கைப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லல."

"அப்போ உங்க மூக்கச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இது மேலதிகாரியோட மூக்கு. அதச் சோதிக்க அதுக்கும் மேல இருக்குற மூக்கு வேணும்" என்றார் துணை இயக்குநர். "தலைநகரத்துக்கு எழுதியிருக்கோம். அவங்க, மேல மூக்கு காலியா இல்லன்னு சொல்லிட்டாங்க."

இயக்குநர் கோபப்படவில்லை. அறிவில்லாதவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பது அவருடைய கொள்கை. உதவியாளரை அழைத்து, பழைய பால் மாதிரி ஒன்றை நுண்ணோக்கியில் காட்டச் சொன்னார். கிழவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பொடிப்பொடியாக உருண்டைகள், திராட்சைக் குலை மாதிரி கொத்துக்கொத்தாக.

"தெரியுதா?"

"தெரியுது. உள்ள யாரோ படம் ஒட்டியிருக்காங்க."

வீட்டுக்குத் திரும்பியபோது மருமகள் கரண்டியோடு நின்றாள்.

"மாமா, என் பால்பவுடர் பாட்டில் எங்க?"

"நான் என்னத்தக் கண்டேன்?"

"தேநீர் போட்டேன். மேல ஆடை கட்டி நிக்குது. பால்பவுடர் என்னைக்காவது இப்படி ஆடை கட்டியிருக்கா? ஜன்னல்ல இருக்குறது செவலையோட பால். அப்ப நீங்க எதைக் கொண்டுபோனீங்க?"

கிழவர் கொல்லைப்புறம் பார்த்தார். செவலை அவரைப் பார்த்து அசைபோட்டது. அதன் பங்குக்கு அதுவும் ஏதோ கேட்பதுபோல இருந்தது.

"இப்பவே ஓடிப்போய்ச் சொல்லுங்க" என்றாள் மருமகள். பிறகு அவளுக்கே ஒன்று தோன்றி, முகம் மலர்ந்தது. "இருங்க, இருங்க. சொல்ல வேணாம். பவுடருக்கு ஏது மடி? மடி இல்லன்னா மடிநோயும் இல்ல. கிருமி இல்லன்னுதானே வரும்? மாடு தப்பிச்சிருமே!"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிழவர் மருமகள் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டார். அன்று முதல், கறக்க உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவவும் ஆரம்பித்தார்.

"சுவத்துல எழுதியிருந்தத நம்பிட்டீங்களா மாமா?"

"யாரு நம்புனது? கை அழுக்கா இருந்துச்சு, கழுவுனேன்."

சில நாள் கழித்து விடிந்ததும் தெருமுனையில் மஞ்சள் வண்டி திரும்பியது.

ஓட்டுநர் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்துப் படித்தார். "மூணாவது தடவையும் கிருமி இருக்கு. மாட்டப் புடிச்சுக் குடுங்க."

மருமகளின் முகம் வெளிறிவிட்டது. கிழவர் செவலையின் முதுகில் கை வைத்து நின்றார். மாட்டின் தோல் அவர் கைக்குக் கீழே சிலிர்த்தது. பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய், பால்பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுநர் காலடியில் வைத்தார்.

"இதுதான் நோயாளி. ஏத்திக்க."

"பெரியவரே, வெளையாடாதீங்க. எனக்கு இன்னும் மூணு வீடு போகணும்."

"யாரு வெளையாடுறது? உன் நிலையத்துக்கு வந்த பால் இந்த டப்பா குடுத்த பால். எம்மாடு குடுத்தது இல்ல. என் மருமக சாட்சி."

"ஆமாண்ணே. ஆடையே கட்டாத பாலுண்ணே" என்றாள் மருமகள்.

ஓட்டுநருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நிலையத்துக்குப் போன் போட்டார். அரைமணி நேரத்தில் இயக்குநரும் துணை இயக்குநரும் காரில் வந்து இறங்கினார்கள். தெருவே கூடிவிட்டது. இயக்குநர் டப்பாவைச் சுற்றி வந்தார். குனிந்து மூடியை முகர்ந்தார். நிமிர்ந்து கைக்குட்டையைத் தேடினார்.

"ஆய்வு தப்புன்னு சொல்லிடலாங்களா ஐயா?" என்றார் துணை இயக்குநர் மெதுவாக.

"யோசிச்சுப் பேசுங்க. இந்த ஆய்வு தப்புன்னா, இதுக்கு முந்தி நடந்த ஆய்வு?"

துணை இயக்குநர் மஞ்சள் வண்டியைப் பார்த்தார். அதன் பின்பலகையில் எத்தனையோ மாடுகள் உரசி உரசி வண்ணம் போயிருந்தது. கூட்டத்தில் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுத் தொழுவங்கள் காலியாகத்தான் இருந்தன.

"நம்ம நிலையம் இதுவரைக்கும் தப்புப் பண்ணினது இல்ல" என்றார் இயக்குநர் உரக்க. "ஆகவே டப்பாவுக்கு மடிநோய். ஏத்துங்க."

விதிப்படி எல்லாம் நடந்தது. கழிக்கப்படும் மாட்டின் காதில் அடையாள வில்லை மாட்ட வேண்டும். டப்பாவுக்குக் காது இல்லாததால் மூடியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். கழுத்தில் கயிறு போட்டார்கள்.

"நிக்க வைக்கவா, படுக்க வைக்கவாங்க?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"மாடு எப்படிப் போகுமோ அப்படி."

நிறுத்தி வைத்தார்கள். வழியில் பசிக்கக் கூடாது என்று விதி இருந்தபடியால் டப்பாவுக்கு முன்னால் ஒரு கட்டு வைக்கோலும் போட்டார்கள். வண்டி கிளம்பியது. முதல் குலுக்கலிலேயே டப்பா சாய்ந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு பலவீனமா இருக்கு" என்றார் துணை இயக்குநர்.

"பாதி டப்பா மிச்சம் இருந்துச்சு மாமா" என்று மருமகள் பெருமூச்சு விட்டாள்.

அடுத்த வாரம் நிலையத்தில் விழா. மடியே இல்லாத ஒன்றில் மடிநோயைக் கண்டுபிடித்த முதல் நிலையம் என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். செவலையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கிழவருக்கு ஆள் வந்தது. வந்தால் மாட்டுக்கு நோய் இல்லை என்று எல்லார் முன்னாலும் எழுதிக் கொடுப்பார்களாம்.

"போய் வாங்கிட்டு வந்துருங்க மாமா, தொல்லை விட்டுது" என்றாள் மருமகள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் போனார்.

முற்றத்தில் மேடை. இயக்குநர் பேசினார்.

"மாட்டுல நோய் கண்டுபிடிக்க மாடு வேணும். எங்களுக்கு அதுகூட வேணாம்னு நிரூபிச்சிட்டோம். இனிமே எங்க வளர்ச்சிக்கு மாடு ஒரு தடையே இல்ல. எங்களுக்கு வேண்டியது ஒரு பாட்டிலும் நல்ல மூக்கும்தான். பாட்டில மக்கள் கொண்டுவரட்டும். மத்தது எங்ககிட்ட இருக்கு."

கைதட்டினார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"இதோ நிக்குதே, இந்தப் பசு, ஒரு டப்பாவால அவப்பெயர் வாங்கின பசு. விதிப்படி பாத்தா இந்தப் பசு இப்ப உயிரோட இல்ல. வண்டி போயிருச்சு, ஏத்தியாச்சு, மாடு கழிஞ்சதுன்னு கணக்கும் முடிஞ்சுது. இத மறுபடியும் கணக்குல சேக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. நேரடி முகர்வு. பாட்டில் இல்லாம, மூலத்துலயே!"

புகைப்படக்காரர் முன்னால் ஓடிவந்தார். உதவியாளர் மணி அடித்தார். இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி, செவலையின் பக்கத்தில் மண்டியிட்டு, பின்னங்காலை ஒதுக்கி, மடிக்குக் கீழே தலையைக் கொண்டுபோனார். அவருடைய மூக்கு, ஈரமாக, பளபளவென்று, புண் ஆறிய அந்த இடது காம்பை நோக்கி வந்தது.

கிழவர் குறுக்கே புகுந்து உள்ளங்கையை நீட்டினார். மூக்கு அவர் கையில் வந்து முட்டியது.

"வேணாங்க."

"பெரியவரே, ஒரு மூச்சுதான். இல்லன்னா உங்க மாடு கணக்குல செத்ததாவே இருக்கும்."

"செத்த மாட்ட மஞ்ச வண்டி ஏத்துமா?"

இயக்குநர் மண்டியிட்டபடியே துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் கொஞ்சம் யோசித்தார்.

"விதியில இடம் இல்லீங்க ஐயா. ஒருதடவ கழிஞ்சத ரெண்டாந்தடவ கழிக்க முடியாது."

"செத்த மாட்டுப் பால மோந்து பாப்பீங்களா?"

"முகர்வு" என்று திருத்தினார் துணை இயக்குநர். "முடியாதுங்க. இல்லாத மாட்டுக்குப் பால் ஏது?"

"அப்ப செத்ததாவே இருக்கட்டும். நல்லாத் தின்னுது" என்று கிழவர் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"நில்லுங்க! இவ்வளவு நடந்தும் உங்களுக்கு எங்க நிலையத்துமேல நம்பிக்கை வரலையா?"

கிழவர் திரும்பிப் பார்த்தார். மண்டியிட்டிருந்த இயக்குநரை, மேடையை, உள்ளே சுவரில் மங்கலாகத் தெரிந்த அந்தத் தாளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது.

"ஐயா, அந்தக் கிருமியே இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. உங்க நிலையத்துக்கு அப்புறம் வரேன்."

வாசலில் காவலாளி வழியை மறித்தார். "போறப்பவும் கை கழுவணுங்க. புது விதி."

குழாய்க்கு விழாவுக்காக நாடா கட்டியிருந்தார்கள். கிழவர் திருகினார். இருமியது.

"கழுவிட்டேன்னு சொல்லுங்க, விடுறேன்."

"கழுவல" என்றார் கிழவர். கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டின்மேல் படாமல், கயிற்றை மற்ற கையால் இழுத்தபடி வீட்டைப் பார்த்து நடந்தார். வீட்டில் சோப்பு இருந்தது. செத்த மாடு வழியோரத்துப் புல்லை ஒரு வாய் கடித்துக்கொண்டு அவர் பின்னால் போனது.